கலா கேட்ட சண்டை

“கலாவதி, உங்களுக்கு என்ன வேணும்?” என்று டாக்டரம்மா கேட்டார்.

பல்லாவரத்தில் விமானங்கள் வயிறு தெரியத் தாழ்ந்து பறக்கும் ஒரு தெருவில் இருந்தது அந்த சிகிச்சை மையம். பக்கவாதம் வந்தவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு பயிற்சிக்காக வரும் இடம். பெரிய மேஜை ஒன்றின் அந்தப் பக்கம் டாக்டரம்மா, உடற்பயிற்சி தரும் சார்லஸ், பேச்சுப் பயிற்சி தரும் ரெஹானா. இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். நடுவில், சக்கர நாற்காலியில் என் நாத்தனார் கலா. அவளுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன்.

“நடக்கணும் டாக்டர். பழையபடி நடந்தா போதும்” என்றார் என் வீட்டுக்காரர்.

“சார், நான் அவங்களத்தான் கேட்டேன்.”

“கை சரியாகணும் மேடம்” என்றேன் நான். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுபடியும் கலாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

கலாவின் உதடு அசைந்தது. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அது போகும்வரை அங்கே யாரும் பேச மாட்டார்கள், பேசினாலும் கேட்காது. கலாவுக்கு அந்த அவகாசம் தேவையாக இருந்தது போல. சத்தம் அடங்கியதும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“சண்டை.”

“சண்டேவா?” என்றார் என் வீட்டுக்காரர். “ஞாயித்துக்கிழமை பிரியாணி கேக்கறா டாக்டர். அவளுக்கு உசிரு.”

கலா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாடிவீட்டுக்காரி

இந்தத் தொடரில் கலாவைப் பற்றி அங்கங்கே ஒரு வரி, அரை வரி எழுதியிருக்கிறேன். டெலிபோன் ஆபீஸில் நான் இரவு ஷிப்ட் பார்த்த காலத்தில் என் குழந்தைகளுக்குத் தலை பின்னிவிட்டவள் என்று எழுதியது நினைவிருக்கலாம். அவளுக்கென்று ஒரு அத்தியாயம் எழுத வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம். அவளிடம் கேட்டேன். “எழுது. அழ... அழுகாச்சி வேணாம்” என்று அனுமதி கொடுத்தாள். அதனால் முடிந்தவரை அழாமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சேலையூரில், கேம்ப் ரோடிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில். கீழே நாங்கள். மாடியில் கலா. கல்யாணமாகிப் போன இடம் சரியில்லை என்று ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவள். வந்த அன்று மாமனாரிடம், “அப்பா, எனக்குன்னு ஒரு சமையல்கட்டு வேணும். யார் அடுப்புலயும் நான் நிக்க மாட்டேன்” என்றாளாம். மாமனார் ஒரு வார்த்தை பேசாமல் மாடி கட்டிக் கொடுத்தார்.

பிறகு அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பழைய டாக்சி டிரைவர்கள் இருவரிடம் பழகினாள். அவர்களிடம் வண்டி ஓட்டுவதோடு மெட்ராஸ் பாஷையையும் சேர்த்துக் கற்றுக்கொண்டாள். வீட்டில் சாதாரணமாகத்தான் பேசுவாள். ஸ்டியரிங் பிடித்தால், அல்லது கோபம் வந்தால், “இன்னா மேன், வூட்ல சொல்லிகினு வந்தியா?” என்று ஆரம்பித்துவிடுவாள்.

பெண்களுக்கு மட்டும் என்று டிரைவிங் ஸ்கூல் தொடங்கினாள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கத்தில் இன்றைக்குக் கார் ஓட்டும் நடுவயதுப் பெண்களில் எத்தனையோ பேர் அவள் கையால் குட்டுப் பட்டவர்கள். நிஜமாகவே தலையில் குட்டுவாள். டீச்சர், வங்கி மேனேஜர், மகப்பேறு டாக்டர், யாராக இருந்தாலும் குட்டு உண்டு.

எனக்கும் அவளுக்கும் தினம் சண்டை. வெளியாட்களுக்குப் புரியாது. தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்துவது, கேட்டை எப்போது பூட்டுவது, ரசத்தில் புளி எவ்வளவு என்று எதற்கு வேண்டுமானாலும் சண்டை போடுவோம். அவள் மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டு பேசுவாள், நான் சமையலறை ஜன்னலில் நின்று பதில் சொல்வேன். சாயங்காலம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து காபி குடிப்போம். மனஸ்தாபம் என்று ஒன்று இருந்ததே இல்லை. எங்கள் இருவருக்கும் அதுதான் பேச்சு.

இரண்டாவது கியர்

அது நடந்தது ஒரு காலை நேரம். நான் பார்க்கவில்லை. நிவேதிதா சொல்லித்தான் தெரியும். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் நிவேதிதா. ஆபீஸ் பஸ் பிடிப்பதற்கு முன்னால் கலாவிடம் கிளாஸ் வந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் இரண்டாவது கியர் வரை வந்திருந்தாள்.

மாடம்பாக்கம் பக்கம் ஒரு அமைதியான சாலை. முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றிருக்கிறது. “பிரேக்” என்று கலா வழக்கமாகக் கத்த வேண்டிய இடம். சத்தம் வரவில்லை. நிவேதிதா பயந்து திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி தானாகக் குலுங்கி நின்றது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. வலது கால் வேலை செய்யாமல் போன அந்த நிமிஷத்தில் கலா இடது காலால் பிரேக்கை மிதித்திருக்கிறாள்.

“அக்கா அப்டியே என் தோள் மேல சாய்ஞ்சுட்டாங்க ஆன்ட்டி. வாய் ஒரு பக்கம் கோணியிருந்துச்சு. எங்க அப்பாவுக்கு வந்தப்போ பாத்திருக்கேன், உடனே புரிஞ்சுடுச்சு” என்றாள் நிவேதிதா.

அவள் அப்பா விஷயத்தில் நேரம் வீணாகிவிட்டதாம். அது அவள் மனதில் இருந்திருக்கிறது. தெருவில் ஆளில்லை, ஆட்டோ இல்லை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் வர நேரமாகும் என்றார்கள். அவளே வண்டியை எடுத்துவிட்டாள்.

பழகுநர் அட்டையை முன்கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, இரண்டாவது கியரிலேயே, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி, வேளச்சேரி மெயின் ரோடின் காலை நெரிசலுக்குள் அந்தப் பெண் நுழைந்திருக்கிறாள். கலாவுக்குப் பேச்சு போய்விட்டது. ஆனால் வழி தெரிகிறது. இடது கையைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கிறாள். இப்படித் திரும்பு, அப்படிப் போ. ஒரு வேகத்தடையில் வண்டி அணைந்துவிடும் போல முக்கியபோது கலாவின் இடது கால் தானாகக் கிளட்சை மிதித்துக் காப்பாற்றியது.

“என்னதான் ஆனாலும் கிளாஸ் எடுத்துக்கிட்டேதான் ஆன்ட்டி வந்தாங்க” என்று பிற்பாடு நிவேதிதா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சரியான நேரத்துக்குள் கொண்டுவந்தீர்கள் என்றார் அவசரப் பிரிவு டாக்டர். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது. உயிர் தப்பியது. மூளையின் இடது பக்கத்தில் கொஞ்சம் சேதம் ஆகிவிட்டது. வலது கையும் காலும் கேட்கவில்லை. பேச்சும் போயிருந்தது.

ரத்த அழுத்தத்துக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை அவள் பாதி நாள் போட்டுக்கொள்ளாமல் விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதைப் பற்றி ஒரு சண்டை நான் பாக்கி வைத்திருந்தேன்.

‘சரி கலா, சரி’

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை எங்கள் போர்ஷனுக்கே கூட்டிவந்தோம். மாடிப்படி ஏற முடியாதே.

முதலில் விழுங்குவதே கஷ்டம். தண்ணீர் கூடப் புரை ஏறும் என்று எல்லாவற்றையும் கெட்டியாக்கித் தரச் சொன்னார்கள். காபியைக் கூழ் மாதிரிக் கலக்கி ஸ்பூனில் கொடுத்தேன். முகத்தைச் சுளித்த சுளிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. டிகாஷன் கொஞ்சம் தண்ணியாக இருந்தாலே டம்ளரைத் திருப்பிக் கொடுப்பவள்.

நாங்கள் அவளைப் பூப்போலப் பார்த்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் சட்டையைக் கூட மாட்டிவிட்டார். நான் ஊட்டிவிட்டேன். அவள் ஏதாவது சொல்ல வந்தால், பாதியில் வார்த்தையைப் பிடித்து நாங்களே முடித்துவிடுவோம். அவள் தண்ணீர் கேட்க நினைத்தால் வாயில் ‘சாவி’ என்று வரும். சாவியைக் கொண்டுபோய்க் கொடுப்போம். தலையை ஆட்டுவாள். “சரி கலா, சரி, சரி” என்போம். எது சொன்னாலும் சரிதான். அவள் சொல்வது தப்பு என்று சொல்ல வீட்டில் யாருக்கும் மனசில்லை.

ஒரு நாள் மத்தியானம் டம்ளரை இடது கையால் விசிறி எறிந்தாள். சுவரில் பட்டு உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. அதற்கும் நான், “சரி கலா” என்றேன்.

சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவள் எதிரிலேயே, அவள் அங்கே இல்லாத மாதிரி, “சாப்பிடறாளா? தூங்கறாளா? ஆள் தெரியுதா?” என்று என்னைக் கேட்டார்கள். ஆள் நன்றாகவே தெரிந்தது. வந்தவர்கள் போனதும் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கே புரியும், யார் யார் என்ன பேசினார்கள் என்பது மொத்தமும் உள்ளே பதிந்திருக்கிறது என்று.

மேஜைக்கு வருகிறேன்

ஆகவே அன்றைக்கு அந்த மேஜையில் அவள் “சண்டை” என்று சொன்னபோது, வழக்கமாக வாய் மாறி வரும் வார்த்தைகளில் ஒன்று என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ரெஹானா அப்படி நினைக்கவில்லை. பல்லாவரத்துக்காரப் பெண். அவர்கள் வீட்டில் தோல் வியாபாரம். தலையில் முக்காடு, கையில் எப்போதும் ஒரு பேனா. குரல் மட்டும் தாழ்வாக, அவசரமே இல்லாமல் வரும். நாற்காலியை இழுத்துக் கலாவுக்கு நேரே போட்டுக்கொண்டாள்.

“அக்கா, சண்டேவா?”

கலா இல்லை என்று தலையாட்டினாள்.

“சண்டை. ஃபைட்டிங்?”

ஆமாம்.

“யாராவது உங்ககிட்ட சண்டை போடறாங்களா? அது புடிக்கலையா?”

இல்லை. வேகமாக இல்லை. இடது கை எழுந்தது. என்னைக் காட்டியது. பிறகு தன்னைக் காட்டிக்கொண்டது. மறுபடி என்னை.

“அண்ணி கூட நீங்க சண்டை போடணுமா?”

கலாவின் முகத்தில், கோணாத அந்தப் பாதியில், எத்தனையோ வாரத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டாக்டர்கள் முன்னால், “இல்ல மேடம், சும்மா வீட்டுல பேசிக்கறதுதான், ரெண்டு பேரும் நல்லாத்தான் இருப்போம்” என்று என்னென்னவோ உளறினேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டார். “இப்ப வீட்டுல அவங்ககிட்ட யாரும் சண்டை போடறதில்லையா?”

“எப்படி மேடம்? இந்த நிலைமையில...”

“அதான் அவங்க கேக்கறாங்க” என்றார். “கை, கால், பேச்சு மூணையும் தனித்தனியா சரி பண்ணி அனுப்பிடலாம்னா அது ரிப்பேர் வேலை. இவங்க திரும்பக் கலாவதியா ஆகணும். சார்லஸ் நடக்க வைப்பாரு. ரெஹானா பேச வைப்பாங்க. தூக்கம், பிரஷர், சாப்பாடு, மனசு, அதெல்லாம் நான் பாக்கறேன். ஆனா இவங்களப் பழைய ஆளா நடத்தறது வீட்டுல இருக்கறவங்க கையிலதான் இருக்கு.”

என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். “அப்ப என்ன டாக்டர், சண்டை போடச் சொல்றீங்களா?”

“கண்டிப்பா” என்றார் டாக்டரம்மா.

நாற்பது வருஷமாக நான் இந்தக் குடும்பத்தில் இருக்கிறேன். நாத்தனாரோடு சண்டை போடச் சொல்லி எழுதிக்கொடுத்த டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

புளி அதிகம்

ரெஹானா எனக்குச் சில விஷயங்கள் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நேரத்தில் ஒரே விஷயம். சின்ன வாக்கியம். டிவி ஓடக் கூடாது. அவள் வார்த்தையை நான் முடிக்கக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். முக்கியமாக, பாவம் பார்த்து விட்டுக்கொடுக்கக் கூடாது. “கண்டுபுடிச்சுடுவாங்க ஆன்ட்டி” என்றாள்.

அன்று மத்தியானம் ரசம் ஊற்றினேன்; விழுங்குவது அதற்குள் சரியாகியிருந்தது. கலா ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்தாள். பழக்க தோஷத்தில் “சரி” என்று வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, “என்ன? நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“புளி அதிகம்னு சொல்லப் போற. ஒண்ணும் அதிகமில்ல. சரியாத்தான் போட்டிருக்கேன்.”

காத்திருந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு வந்து, எங்கள் வாசலைத் தாண்டி, தெருக்கோடிக்கே போய்விட்டார். ரசம் ஆறியது. கலாவின் உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்த வார்த்தையை நானே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

“பொய்” என்றாள் கலா.

அவ்வளவுதான். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெளியே வந்து, “பொய்யாம் பொய். போ, நாளைக்கும் இதே ரசம்தான்” என்றேன்.

அதற்கப்புறம் தினமும் ஏதாவது ஒன்று இருக்கும். திட்டு வார்த்தைகள்தான் அவளுக்கு முதலில் முழுசாக வந்தன. ஒரு நாள் என் வீட்டுக்காரர் அவள் வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கப் பார்த்தார். அப்படி இழுத்தால் தோள்பட்டை போய்விடும் என்று சார்லஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வலியில் கலா, “பேமானி” என்றாள். பளிச்சென்று, ஒரு எழுத்து பிசகாமல்.

என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் சந்தோஷத்தில் எனக்குக் குரல் கொடுத்தார். “இங்க வா, இவ என்னைப் பேமானின்றா, கேளு.”

ரெஹானாவிடம் சொன்னோம். “அது மூளைல வேற வழியா வரும் சார். அதனால சீக்கிரம் வந்துடும். நல்ல விஷயம்தான்” என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே, “எழுதிக்கறேன், திரும்பச் சொல்லுங்க அக்கா” என்றாள். கலா அன்றைக்கு அவளுக்கு இன்னும் சில வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தாள். அவற்றை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

காலும் மெல்ல மெல்ல வந்தது. முதலில் இரண்டு பேர் பிடித்து, பிறகு நான்கு கால் ஊன்றுகோலோடு, பிறகு சாதாரணத் தடியோடு. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் மையத்துக்குப் போவோம். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. அந்த நெரிசலில் ஆட்டோ நுழையாது.

சுவரைப் பார்த்து

இதுவரை படித்தவர்களுக்கு எல்லாம் ஏறுமுகமாகவே போனது போலத் தோன்றும். அப்படிப் போகவில்லை.

ஒரு கட்டத்துக்கு மேல் கை திறக்கவில்லை. விரல்கள் மடங்கியே இருந்தன. கலா மையத்தில் ஒரு நாள், ஸ்டியரிங்கைச் சுற்றுவது போல இடது கையால் காற்றில் சைகை செய்து, டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “இப்போதைக்கு முடியாது கலாவதி. பின்னாடியும் முடியும்னு என்னால சத்தியம் பண்ண முடியல. வலது காலுக்கு அந்த வேகம் வரணும். வராமலும் போகலாம்” என்றார்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள், திரும்பவே இல்லை. சாப்பாட்டில் மனசில்லை. பயிற்சிக்கு வர மறுத்தாள். நான் சண்டைக்கு இழுத்தால் பதில் இல்லை. புளியை அள்ளிப்போட்டு ரசம் வைத்தேன். பேசாமல் குடித்தாள். அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

ஒரு நாள் படுக்கை விரிப்பை மாற்றும்போது, தலையணை உறைக்குள்ளிருந்து மாத்திரைகள் உதிர்ந்தன. விழுங்குவது போலப் பாவனை செய்துவிட்டுத் துப்பி வைத்திருக்கிறாள். “என்ன கலா இது?” என்றேன். “போதும்” என்றாள். அந்த வார்த்தைக்கு அவள் தேடவே இல்லை. நேராக வந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அடம் பிடிக்கிறாள், கொஞ்சம் மிரட்டிச் சொல்லுங்கள் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். அவர் கேட்டுவிட்டு, “இது அடம் இல்லம்மா. இதுவும் அதே நோய்தான். கைய பாதிச்ச மாதிரி மனச பாதிச்சிருக்கு. நிறைய பேருக்கு வரும். வைத்தியம் இருக்கு” என்றார்.

மனநல டாக்டர் ஒருவரை வீட்டுக்கே அனுப்பினார். கலாவால் நிறையப் பேச முடியாது என்று தெரிந்து, படங்களும் கைச்சாடையுமாக அவர் பொறுமையாக உட்கார்ந்து பேசினார். மருந்து கொடுத்தார். அது வேலை செய்ய நாளாகும், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றார். போகும்போது என்னிடம் கேட்டார். “இவங்க வேலையில எது இவங்களுக்கு ரொம்பப் புடிக்கும்? ஓட்டறதா, கத்துக்குடுக்கறதா?”

படுத்திருந்த கலா, சுவரைப் பார்த்தபடியே தன் இடது கை விரல் முட்டியால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினாள். குட்டு.

சனிக்கிழமை சந்தேகங்கள்

நிவேதிதாவைக் கூப்பிட்டேன். அதற்குள் அவள் லைசென்ஸ் வாங்கிச் சொந்தமாக ஒரு பழைய காரும் வாங்கியிருந்தாள்.

வந்தவள் நலம் விசாரிக்கவில்லை. கட்டிலில் கலாவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, “அக்கா, தாம்பரம் மேம்பாலத்துல ஏறும்போது டிராஃபிக்ல நிறுத்தினா வண்டி பின்னாடி உருளுது. பின்னாடி பஸ்காரன் திட்டறான். என்ன பண்றது?” என்றாள்.

நிவேதிதாவுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது. அப்பாவிடம் பழகியதாக இருக்கும்.

கலா திரும்பினாள். எழுந்து உட்காரக் கை நீட்டினாள். சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். டம்ளர் ஒன்றைக் காராகவும், சாய்த்து வைத்த தட்டை மேம்பாலமாகவும் வைத்துக்கொண்டு, “ஹேண்ட்... ஹேண்ட்பிரேக்” என்றாள். இடது கையால் நெம்புகோலை இழுத்துக் காட்டினாள். “கிளட்ச். பாதி. வண்டி... நடு... நடு...” வார்த்தை வரவில்லை. மேஜையை விரல்களால் நடுங்கவிட்டாள்.

“வைப்ரேட் ஆகும்போதா அக்கா?”

“ஆங். அப்ப. விடு.”

“பதட்டத்துல மறந்துடுது அக்கா.”

கலா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை நிவேதிதா இன்னொருத்தியையும் கூட்டிவந்தாள். அப்புறம் அவர்களாகவே வந்தார்கள், பழைய மாணவிகள். சந்தேகம் கேட்கிற சாக்கில் வந்தார்களா, நிஜமாகவே சந்தேகமா, நான் விசாரிக்கவில்லை. எங்கள் மேஜை முழுக்க டம்ளரும் கிண்ணமும் கார்களாக நிற்கும். டிரைவிங் ஸ்கூல் வண்டியை மாணவிகளில் ஒருத்தி ஓட்டிக் கற்றுத்தர ஆரம்பித்தாள். கலா பின் சீட்டில் உட்கார்ந்து போவாள். நீளமாகப் பேச முடியாதது அங்கே ஒரு குறையே இல்லை. “மெதுவா”, “பாரு”, “நில்லு” இந்த மூன்றுமே போதுமாக இருந்தது.

மருந்து வேலை செய்தது என்பார் டாக்டர். மாணவிகள் வந்ததுதான் என்பார் என் வீட்டுக்காரர். சார்லஸ் நடையைச் சொல்வார். நான் பக்கத்திலிருந்து பார்த்தவரை இவற்றில் ஒன்றைக் கழற்றி எடுத்திருந்தாலும் அவள் எழுந்திருக்க மாட்டாள். அத்தனையையும் கொண்டுவந்து முன்னால் வைத்தோம். எழுந்தது அவள். தினம் காலையில் மடங்கிய விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து, அவை மறுபடி மடங்க, மறுபடி பிரித்து, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உட்கார்ந்திருப்பாளே, அந்தப் பொறுமை எனக்கு வராது.

என் வூடு

போன மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு நாள் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கலா சொன்னாள். “நான் மேல... போறேன்.”

மொட்டை மாடிக்குக் காற்று வாங்கவா என்றேன்.

“என் வூட்டுக்கு.”

மையத்தில் ஏற்கனவே பேசியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. மறுநாளே சார்லஸும் டாக்டரம்மாவும் வந்து மாடிப்படியைப் பார்த்தார்கள். சுவர்ப் பக்கமும் ஒரு கைப்பிடி போடச் சொன்னார்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, ஒரு கையால் பற்றவைக்கும் அடுப்பு. ஆசாரி வந்து வேலை முடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கிளம்புகிற அன்று காலையில் திறந்தேன்.

“நீ எங்கயும் போக வேணாம்.”

“போவேன்.”

“இங்க உனக்கு என்ன குறை?”

“குறை... இல்ல.”

“அப்புறம் என்ன? படியில தடுக்கினா?”

“கம்பி கீது.”

“பாத்ரூம்ல வழுக்கினா? நீ மேல விழுந்து கெடந்தா கீழ இருக்கற எனக்கு எப்படித் தெரியும்?”

“போன்.”

“போன் எட்டாத எடத்துல விழுந்தா? வாய் வராம போனா? அன்னிக்கு வராம போச்சே, அந்த மாதிரி மறுபடி வந்தா என்ன பண்ணுவ? யாருக்குத் தெரியும்? உங்க அண்ணனுக்குக் காதும் சரியாக் கேக்கல, நான் ஒருத்தி எத்தனன்னு...”

“அண்ணி, இரு. நான் பேசறேன்” என்றாள் கலா.

நின்றுவிட்டேன். நான் காத்திருக்க மறந்துபோயிருந்தேன். சின்ன வாக்கியம், ஒரே விஷயம், எல்லாம் மறந்து, பழைய மாதிரி மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தேன். அவளும் பழைய மாதிரி என் பேச்சைக் குறுக்கே வெட்டிவிட்டாள்.

“பயம்... எனக்கும் கீது” என்றாள். “உனக்கு என்னை... பாத்துக்கணும். எனக்கு என் வூடு வேணும். ரெண்டும்... நடக்காது. நீ விடு.”

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வழியை விட்டு விலகி நின்றேன். பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தது இல்லை அது. சண்டையில் தோற்றுவிட்டேன்.

அவள் ஏறினாள். நல்ல கால் முதலில், பிறகு நோயுற்ற கால் அதை வந்து சேரும். பின்னால் வரக் கூடாது என்று எனக்கு உத்தரவு. கீழ்ப்படியில் நின்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில், முன்பெல்லாம் நின்றுகொண்டு என்னிடம் கத்துவாளே, அந்த இடத்தில் மூச்சு வாங்க நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. மேலே கதவு திறந்தது.

ஜன்னல்களைத் திறக்கிறாள் போல. நாற்காலி இழுபடும் ஓசை. பிறகு தடி தரையில் ஊன்றி ஊன்றிச் சமையல்கட்டுப் பக்கம் போனது. அங்கே நின்றது.

“அண்ணி.”

“என்ன? என்ன ஆச்சு?”

“என் அடுப்பு மேல... யாரு ஊறுகா ஜாடி வெச்சது?”

“நான்தான். கீழ எடமில்ல.”

“எடு.”

பக்கவாதம் வந்து, பேச்சு போய், ஒவ்வொரு வார்த்தையாகத் தோண்டி எடுத்துக்கொண்டு திரும்பியவள். ஜாடியோ கனம், அவளால் இறக்க முடியாது. ஓடிப்போய் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டியவள்தான் நான்.

“எடுக்க முடியாது போ. அங்கதான் இருக்கும்” என்றேன்.

மேலேயிருந்து, அந்த டாக்சி டிரைவர்கள் கற்றுக்கொடுத்த பாஷையில், நிறுத்தி நிறுத்தி, ஆனால் விடாமல், பதில் வர ஆரம்பித்தது.